இறங்கிய மேட்டில் ஏற முடியாமல் போன வேன்: ஜோகூர் மரவெட்டுப் பாதையில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

சென்ற ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரிலிருந்து சென்ற எங்கள் நடைப்பயணக் குழுவைச் சேர்ந்த எட்டுப் பேர், ஜோகூர் மாநிலத்தின் காஹாங் வட்டாரத்தில், மரம் ஏற்றும் லாரிகளுக்காக வெட்டப்பட்ட காட்டுப்பாதை ஒன்றில் வேனோடு சிக்கிக்கொண்டனர். யாருக்கும் காயம் ஏற்படவில்லை. வேனின் பின்பக்க பம்பர் வளைந்தது, புகைபோக்கிக் குழாய் நசுங்கியது, கிளட்ச் தேய்ந்து பின்னர் மாற்றப்பட்டது. நான் அந்தப் பயணத்தில் இல்லை. குழுவின் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றிருப்பவன் என்ற முறையில் எட்டுப் பேரிடமும் தனித்தனியாகப் பேசி, வேனைக் கொடுத்தவரோடு அதே பாதையை வெயில் காயும் ஒரு காலையில் நேரில் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

குழுவுக்குள் இந்த நிகழ்வுக்கு ஏற்கெனவே ஒரு விளக்கம் நிலைத்துவிட்டது. மழை வந்துவிட்டது, வண்டி நான்கு சக்கர இழுவை கொண்டதாக இல்லை என்பதே அது. இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் காரணமாகா. ஏப்ரல் மாதம் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம்; சிங்கப்பூரிலும் தென் ஜோகூரிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது அந்த மாதத்தின் இயல்பு. வேன் பின்சக்கர இழுவை கொண்டது என்பதும் புறப்படும்போதே எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்த இரண்டு செய்திகளும் எந்த இடத்தில் ஒரு முடிவாக மாறியிருக்க வேண்டும், ஏன் மாறவில்லை என்பதே ஆராயத்தக்கது.

பாதையும் வண்டியும்

காஹாங், குளுவாங்குக்கும் மெர்சிங்குக்கும் இடையே 50ஆம் எண் கூட்டரசு சாலையில் இருக்கும் சிற்றூர். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜோகூர் நுழைவாயிலான கம்போங் பேத்தாவுக்கு இங்கிருந்துதான் பிரிய வேண்டும். ஜக்கூன் இன ஒராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் வாழும் அந்தக் கிராமத்துக்குச் செல்லும் மண்பாதை ஏறத்தாழ 56 கிலோமீட்டர். சிங்கப்பூரை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் தீவு விரைவுச்சாலையின் முழு நீளமே 43 கிலோமீட்டருக்குள்தான் என்பதை நம் வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பூங்காவுக்குச் செல்பவர்கள் காஹாங்கில் தங்கள் வாகனத்தை விட்டுவிட்டு, நான்கு சக்கர இழுவை வண்டிகளில் ஏறிச் செல்வது வழக்கம். எங்கள் குழு சென்றது பூங்காவுக்கு அன்று. அதே வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களைக் கடந்து மலைக்காட்டுக்குள் செல்லும் ஒரு கிளைப்பாதையில், ஓர் ஓடையருகே நடப்பதற்காகச் சென்றார்கள். அந்தக் காட்டுக்குள் நுழைவதற்கான அனுமதியை முன்கூட்டியே பெற்றிருந்தார்கள் என்பதைப் பாராட்டோடு குறிப்பிட வேண்டும். 1984ஆம் ஆண்டுத் தேசிய வனவியல் சட்டத்தின்கீழ் நிரந்தர வனக்காப்பகங்கள் மாநில வனத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. முன்அனுமதி இல்லாமல் உள்ளே போகலாம் என்று எண்ணுவது தவறு.

இத்தகைய பாதைகள் பயணிகளுக்காகப் போடப்பட்டவை அல்ல. ஒரு வெட்டுப்பகுதியிலிருந்து மரத்தை வெளியே கொண்டுவரும் வரைக்கும் பயன்பட்டால் போதும் என்று புல்டோசர் மலைச்சரிவைக் குடைந்து உண்டாக்கிய தடங்கள் அவை. சரிவை வெட்டிய பக்கத்தில் ஒரு வாய்க்கால், மறுபக்கத்தில் தள்ளிய மண்ணால் ஆன விளிம்பு, அதற்கப்பால் பள்ளம். தள்ளிய மண் எப்போதுமே வெட்டிய தரையைப்போல் இறுகியிருக்காது என்பதால், பாரம் ஏற்றிய லாரிகள் கூடுமானவரை மலையோரமாகவே வரும். சரவாக்கின் காட்டுப்பாதைகளில் இதற்காகவே ஆங்காங்கே அம்புக்குறிப் பலகைகள் வைத்து, எல்லா வண்டிகளையும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறி ஓடச் சொல்வதுண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பாதையின் நுழைவிலேயே வானொலி அலைவரிசை எழுதப்பட்டிருக்கும். ஓட்டுநர்கள் தாங்கள் எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தத் திசையில் வருகிறோம் என்பதை அதில் சொல்லிக்கொண்டே செல்வார்கள். நம்மவர்கள் சென்ற பாதையில் இந்த இரண்டு ஏற்பாடுகளும் இல்லை. இருந்தது ஒரு தடுப்புக் கட்டையும், ஒரு காவலாளியும், அவருடைய பதிவுப் புத்தகமும் மட்டுமே.

வேன், குழுவில் ஒருவருடைய தாய்மாமனுக்குச் சொந்தமானது. குளுவாங்கில் வசிக்கும் அவர் பல ஆண்டுகள் மர லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். குழுவில் எல்லாரும் அவரை மாமா என்றே அழைப்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். சிங்கப்பூரில் வாடகைக்கு எடுக்க நினைத்த வேனின் ஒப்பந்தத்தில் தார் போடாத சாலைகளில் ஓட்டக்கூடாது என்ற விதி இருந்ததால், குளுவாங் வரை பேருந்தில் சென்று மாமாவின் வேனை வாங்கிக்கொண்டார்கள். அந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்று அப்போதே ஒருமுறை யோசித்திருக்கலாம் என்பது என் கருத்து. அது ஹையேஸ் வகை டீசல் வேன். இயந்திரம் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது; இழுப்பதோ பின்சக்கரங்கள். ஆள் ஏறாத நிலையில் எடையில் பெரும்பங்கு முன்னால் இருக்க, வேலை செய்ய வேண்டிய சக்கரங்கள் பின்னால் இலேசாக இருக்கின்றன. இந்த ஒரு செய்தி பின்னால் நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது.

நடந்தது

தார்ச்சாலையை விட்டு அவர்கள் இறங்கியபோது காலை பத்தரை மணி. செம்பனைத் தோட்டத்துப் பாதை உலர்ந்து, புழுதி பறந்தது. தடுப்புக் கட்டையருகே காவலாளி வண்டி எண்ணையும் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு, அன்று லாரி ஓடுகிறது என்றும் மாலை ஆறு மணிக்குக் கட்டையைப் பூட்டிவிடுவேன் என்றும் சொன்னார். அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் தூரத்தில், பாதை ஒரு மேட்டின் தலையில் அகன்று விரிகிறது. வெட்டிய மரங்களை இழுத்துவந்து அடுக்கி லாரியில் ஏற்றும் இடம் அது. அங்குள்ளோர் அதை மாத்தாவ் என்பார்கள். லாரியே வட்டமடித்துத் திரும்பக்கூடிய அளவுக்கு இடம் இருக்கிறது. அதைத் தாண்டியதும் பாதை சட்டென்று கீழே இறங்குகிறது. நடுவில் ஒரு வளைவோடு ஏறத்தாழ முந்நூறு மீட்டர் நீளும் செங்குத்தான களிமண் இறக்கம் அது. அடிவாரத்தில் சிறிய சமதளம், பிறகு மரக்கட்டைகளை அடுக்கி மேலே மண் கொட்டிய பாலம், அதற்கப்பால் ஓடை.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு வேன் எந்தச் சிரமமும் இல்லாமல் கீழே இறங்கியது. இரண்டு மணிக்குத் தொடங்கிய மழை முக்கால் மணி நேரம் பெய்தது. மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் திரும்பத் தொடங்கியபோது, ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கடக்காமல் பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. இறங்கிவந்து மறுபடி முயன்றார்கள். வண்டியை இலேசாக்குவதற்காக ஓட்டுநரைத் தவிர எல்லாரும் இறங்கினார்கள். தண்ணீர்ப் பெட்டிகளையும் பைகளையும்கூட இறக்கிவைத்தார்கள். மூன்றாவது முயற்சியில் வேன் நின்று, பின்னோக்கி நழுவியது. ஓட்டுநர் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தார். முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டதால் ஸ்டீயரிங் பயனற்றுப் போய், வண்டி குறுக்காகத் திரும்பி, பின்பக்கம் மலையோர வாய்க்காலில் விழுந்து நின்றது. மறுபக்கம் திரும்பியிருந்தால் இந்த ஆய்வை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

கைபேசிகளுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. அவசர உதவிக்கு 999ஐ அழைக்கவும் வழியில்லை. நான்கு மணி இருபது நிமிடத்துக்கு இருவர் உதவி தேடிக் காவலாளி இருக்கும் இடத்தை நோக்கி நடந்தார்கள். குழுவில் தாதியாகப் பணிபுரியும் ஒரு பெண்மணி, யாரும் சொல்லாமலே, தம் சிவப்பு மழையங்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு ஓடி, பாலத்துக்கு அப்பால் பாதை நேராகத் தெரியும் இடத்தில் நின்றார். இருபது நிமிடத்தில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று உள்ளேயிருந்து வந்தது. அவர் அங்கியை வீசிக் காட்டியதும் அது சமதளத்திலேயே நின்றது.

அந்த லாரி ஓட்டுநர் தம் கையிலிருந்த வானொலிக் கருவியில் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பான கொங்சிக்குச் செய்தி சொன்னார். ஐந்தே முக்காலுக்கு ஒரு புல்டோசர் வந்தது. அது முதலில் வேனின் பின் அச்சில் கம்பிக்கயிறு கட்டி வாய்க்காலிலிருந்து கீழ்நோக்கி இழுத்துச் சமதளத்தில் விட்டது. பிறகு அலகைத் தாழ்த்தி, மேட்டின் அடியிலிருந்து தலைவரை பாதையின் மேற்பரப்பை வழித்தெடுத்தது. அதே வேன், அதே டயர்களோடு, அதே ஓட்டுநர் இரண்டாம் கியரில் ஓட்ட, இடையில் நிற்காமல் மேலே ஏறிவிட்டது. அப்போது மணி ஆறரை.

மேற்பரப்பைப் பற்றி

இந்தக் கடைசிச் செய்தியைக் குழுவில் பலரும் ஒரு வியப்பாகவே சொன்னார்கள். மாமாவோடு அங்கே சென்றபோதுதான் எனக்கு அதன் விளக்கம் கிடைத்தது. முந்தைய இரவு பெய்த மழையால் மேட்டின் நிழற்பகுதி இன்னும் ஈரமாக இருந்தது. மாமா தம் செருப்பின் குதிகாலால் தரையை அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தார். சிவந்த சேறு தோல் உரிவதுபோல் சுருண்டு வந்தது; அதன் கனம் ஒரு விரல் நகத்தின் அகலம்கூட இல்லை. அடியில் வெளிறிய, உலர்ந்த, இறுகிய தரை. “இவ்வளவுதான் தம்பி. மேலே இருக்கிறது சவுக்காரம், கீழே இருக்கிறது சிமெண்டு. லோரிக்காரன் சண்டை போடமாட்டான், நிறுத்திட்டுத் தூங்கிடுவான்,” என்றார்.

லாரிகளின் எடையால் பல மாதங்கள் நசுங்கிய களிமண்ணுக்குள் ஒரு பிற்பகல் மழை ஆழமாக இறங்குவதில்லை. மேல் தோலை மட்டும் குழைத்துவிட்டு வாய்க்காலில் ஓடிவிடுகிறது. சாதாரண டயரின் பள்ளங்களில் அந்தக் குழைந்த மண் அப்பிக்கொண்டால், நான்கைந்து சுற்றுகளுக்குள் டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். பிறகு பள்ளங்கள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற இந்த நிலை மோசமாகுமே தவிர மேம்படாது. வெயில் பட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்தத் தோல் காய்ந்துவிடும். ஆகவே காத்திருப்பதுதான் இத்தகைய இடத்தில் முதல் வழி.

ஆனால் இந்த மேட்டில் அன்று மாலை காத்திருந்தும் பயனிருந்திருக்காது. அந்தச் சரிவு கிழக்கு பார்த்தது. காலை வெயில் நன்றாகப் படும். மூன்று மணிக்கு மேல் மலையின் நிழலே அதன்மீது விழுந்துவிடுகிறது. மேற்கு பார்த்த சரிவாக இருந்தால் மழை விட்ட பிறகு ஐந்து மணிக்குள் ஓரளவு காய்ந்திருக்கும். இறங்கும்போது கையில் இருந்த கைபேசியின் திசைகாட்டியே இதைச் சொல்லியிருக்கும். திரும்பி ஏறும் நேரத்தில் இந்தச் சரிவில் வெயில் இருக்குமா என்ற கேள்வியை எட்டுப் பேரில் ஒருவரும் கேட்டதாக நினைவுகூரவில்லை.

முடிவு எடுக்கப்படாத இடம்

நான் ஒவ்வொருவரிடமும் கேட்ட கேள்வி ஒன்றே: மேட்டின் தலையில் இறங்கலாம் என்று தீர்மானித்தது யார்? எட்டு விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தின. யாரும் தீர்மானிக்கவில்லை. வேன் மாத்தாவைக் கடந்தது, சாலை கீழே போனது, வேனும் கீழே போனது. பின்னிருக்கையில் இருந்தவர்கள் அது ஓர் இறக்கம் என்பதையே பாதியில்தான் உணர்ந்தார்கள்.

இதுவே இந்த நிகழ்வின் மூலகாரணம் என்று நான் கருதுகிறேன். அந்த மேட்டுத்தலைதான் வண்டியைத் திருப்பக்கூடிய கடைசி இடம். அதற்குப் பிறகு வேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், வெளியேற ஒரே வழி அந்த ஏற்றந்தான். உலர்ந்த மண்ணில் இறங்குவதற்கு வண்டியின் இழுவை தேவையே இல்லை, புவியீர்ப்பு இறக்கிவிடுகிறது. ஈர மண்ணில் ஏறுவதற்கோ இழுவையைத் தவிர வேறெதுவும் உதவாது. இறங்கியபோது கிடைத்த எளிமையை வைத்து ஏற்றத்தை மதிப்பிட முடியாது. சிங்கப்பூரில் பயின்று உரிமம் பெற்ற நமக்கு இந்த வேறுபாட்டைச் சந்திக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. நம் தீவில் எந்தச் சாலையில் போனாலும் திரும்பி வரலாம். மழை பெய்தால் வேகத்தைக் குறைத்தால் போதும். அந்தப் பழக்கம் காஹாங் காட்டுக்குள்ளும் நம்மோடு வந்துவிடுகிறது.

மேட்டுத்தலையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, அடிவாரம் வரை நடந்துபோய்த் திரும்பியிருந்தால் கால்மணி நேரம் செலவாகியிருக்கும். நடைப்பயணத்துக்காகவே வந்த குழுவுக்கு அது ஒரு சுமையும் அன்று. வேனை மாத்தாவிலேயே ஓரமாக, லாரி திரும்ப இடம் விட்டு நிறுத்திவிட்டு, ஓடைவரை நடந்தே போயிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் மழை அவர்களை நனைத்திருக்குமே தவிர வேறெதுவும் செய்திருக்காது.

ஏற்றத்தில் நடந்த தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்களை இறக்கியது பாதுகாப்புக்குச் சரி. நழுவக்கூடிய வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. ஆனால் பைகளையும் தண்ணீரையும் இறக்கியது பின்சக்கரங்களின் பிடியைக் குறைத்தது. அவற்றைப் பின் அச்சுக்கு நேர் மேலே அடுக்கியிருக்க வேண்டும். முதல் கியரில் இயந்திரத்தை உறுமவிட்டதும் தவறு. இரண்டாம் கியரில், சமதளத்திலேயே ஓரளவு வேகம் பிடித்து, சீரான மிதியோடு ஏறுவதுதான் மாமா காட்டிய முறை. வண்டி நின்றுவிட்டால், பிரேக்கைப் பூட்டாமல் ரிவர்ஸ் கியரில் போட்டு, இயந்திரத்தின் பிடியிலேயே நேராகப் பின்னோக்கி இறங்க வேண்டும். இதை ஓட்டுநர் அறிந்திருக்கவில்லை. நம் பயிற்சியில் சொல்லித்தரப்படாத ஒன்றை அந்தக் கணத்தில் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமுமன்று.

லாரியும், நடந்துபோன இருவரும்

வேன் ஓர் ஏற்றத்தின் நடுவில் குறுக்காக நின்றது என்பதன் தீவிரம் குழுவில் பலருக்கு இன்னும் முழுமையாக விளங்கவில்லை. ஜோகூர்க் காடுகளில் வெட்டப்படும் பாலாவ் போன்ற கடினமரம், காய்ந்த நிலையிலேயே ஒரு கனமீட்டர் ஏறத்தாழ ஒரு டன் இருக்கும். அப்போதுதான் வெட்டிய பச்சை மரம் அதைவிடக் கனம். அத்தகைய கட்டைகளைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு வரும் லாரி, ஏற்றத்தில் வேகத்தை இழந்தால் மறுபடி கிளம்ப முடியாது; இறக்கத்தில் நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது. அதனால்தான் மரப்பாதைகளில் பொதுவாகப் பாரம் ஏற்றிய லாரிக்கே வழியுரிமை. அந்த லாரி ஓட்டுநர் மேட்டைக் கண்டதும் சமதளத்தில் வேகம் எடுத்து ஏறத் தொடங்கியிருந்தால், வளைவுக்கு அப்பால் நின்ற வேனையும் அதைச் சுற்றி நின்றவர்களையும் மிகத் தாமதமாகவே பார்த்திருப்பார். சிவப்பு மழையங்கியோடு கீழே ஓடிய அந்தப் பெண்மணியின் செயலே அன்று நடந்தவற்றில் மிகச் சரியானது. வண்டியை மீட்பது பற்றி மற்ற எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, வரப்போகும் வண்டியைப் பற்றி நினைத்தவர் அவர் ஒருவரே. குழு இதை வெளிப்படையாக அங்கீகரிக்க வேண்டும்.

காவலாளியை நோக்கி நடந்த இருவரின் முடிவை நான் ஆதரிக்கவில்லை. ஒரே ஒரு டார்ச் விளக்கு, ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி, ஏழு கிலோமீட்டர் சேற்றுப்பாதை. ஏப்ரலில் இங்கே ஏழு மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது. காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். காஹாங், குளுவாங் வட்டாரம் யானைகள் நடமாடும் பகுதி. மாலைக்குப் பிறகு அவை பாதைகளுக்கே வருவதுண்டு. வழியில் புதிய யானைச் சாணத்தைப் பார்த்ததாக இருவரும் சொன்னார்கள். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டை பூட்டப்படாமல் இருந்தது. உள்ளே போன வேன் வெளியே வரவில்லை என்பதைப் புத்தகத்தில் பார்த்துக் காவலாளி காத்திருந்தார். அந்தப் புத்தகத்தைத் தவிர, அந்த எட்டுப் பேர் எங்கே இருக்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பதை அறிந்த இன்னொரு பதிவு உலகத்தில் எங்கும் இல்லை. மாமாவின் வீட்டில் “சாயங்காலம் வந்துவிடுவோம்” என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எந்த ஓடை, எந்த மணிக்குப் பிறகு வராவிட்டால் யாரை அழைப்பது என்பதை எழுதிக் கொடுத்திருந்தால், அந்த இருவருக்கும் நடக்க வேண்டிய கட்டாயமே தோன்றியிருக்காது.

குழு இப்போது இரண்டு விதிகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. திருப்புவதற்கு இடமுள்ள கடைசி மேட்டில் வண்டி நிற்கும். ஓட்டுபவரே கீழே நடந்து பார்த்துவிட்டு, ஈரமானால் ஏற முடியுமா என்பதை எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். ஐயம் இருந்தால் வண்டி இறங்காது. டயர்ச் சங்கிலி வாங்கலாம் என்ற யோசனையை வேனை ஓட்டியவர் முன்வைத்திருக்கிறார். சேற்றில் அது பயன்படும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் அது இறங்கும் துணிச்சலைக் கூட்டிவிடுமோ என்று அஞ்சுகிறேன். காஹாங்கிலேயே பாதையறிந்த ஓட்டுநரோடு நான்கு சக்கர இழுவை வண்டியை அமர்த்திக்கொள்வது அதைவிட நல்லது. எட்டுப் பேர் பகிர்ந்துகொண்டால் செலவும் தாங்கக்கூடியதே.

வேனின் பழுதுச் செலவை எட்டுப் பேரும் சமமாகப் பகிர்ந்து மாமாவிடம் கொடுத்துவிட்டார்கள். தீராமல் நிற்கும் கணக்கு இன்னொன்று. வேன் ஏறிப் போன பிறகு இருட்டிவிட்டதால் அந்த லாரி அன்றிரவு அடிவாரத்திலேயே நின்றது. மர லாரி ஓட்டுநர்களுக்கு ஓட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி, தம் காலத்திலும் அப்படித்தான் என்று மாமா சொன்னார். அந்த மனிதர் அன்றைய கூலியை இழந்திருக்கிறார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நம்மவர்களும் கேட்கவில்லை. அந்தத் தொகையை விசாரித்து, மாமாவின் வழியாக அவரிடம் சேர்ப்பதற்குக் குழு சென்ற கூட்டத்தில் ஒப்புக்கொண்டது. காவலாளியிடம் அந்த லாரி ஓட்டுநரின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் மாமா காஹாங் போகும்போது பணம் அவரிடம் சேரும்.